கதவைச் சாத்தும் முன் கையில் இருக்க வேண்டிய பட்டியல்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். டெல்டா பகுதியில், ஒரு அறக்கட்டளை நடத்தும் சிறிய கண் மருத்துவமனையில் நிர்வாகியாக இருக்கிறேன். இருபது படுக்கை, இரண்டு டாக்டர்கள், மாதம் இரண்டு இலவச முகாம். 2020 கொரோனா ஊரடங்கில் ஏறக்குறைய மூன்று மாதம் மூடிவிட்டோம். திறந்த பிறகு ஒரு பாட்டி வந்தார். கண் அழுத்த நோய்க்காக வருடக்கணக்கில் எங்களிடம் சொட்டு மருந்து வாங்கியவர். மருந்து தீர்ந்துபோய், பஸ்ஸும் இல்லாமல், ஒரு கண்ணில் பார்வை போயே போய்விட்டது. "யாரும் ஒரு போன்கூடப் பண்ணலையேம்மா" என்று மட்டும் சொன்னார். இப்போது அவசரகாலத் திட்டம் ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முகக்கவசம், கிருமிநாசினி, வெப்பமானி, தடுப்புக் கண்ணாடி எல்லாம் எழுதிவிட்டேன். அறங்காவலர்களில் மூத்தவர், "கண் என்ன உயிர் போகிற விஷயமா? மறுபடி தொற்று வந்தால் மறுபடி மூடிவிடுவோம்" என்கிறார். திட்டத்தில் வேறு என்ன இருக்க வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் வாங்கச் சொல்லி எழுதியிருப்பவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்தப் பாட்டி கேட்டதற்கு உங்கள் திட்டத்தில் இன்னும் பதில் இல்லை. நான் சொல்லப்போவது முழுக்க அவர் கேட்ட அந்த ஒரு போனைப் பற்றித்தான்.

முதலில் மூத்தவரின் கேள்வி. அவர்மேல் கோபப்படாதீர்கள். 2020 மார்ச் கடைசியில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரடங்கு தொடங்கிய நாட்களில் இந்தியக் கண் மருத்துவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடந்தது. பதில் சொன்ன 1,260 பேரில் 72.5 சதவீதத்தினர் நோயாளிகளையே பார்க்கவில்லை என்றார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியான ஸ்லிட் லேம்பில் உட்காரும்போது டாக்டர் முகத்துக்கும் நோயாளி முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது. வூஹானில் புதிய நோயைப் பற்றிச் சக மருத்துவர்களை முதலில் எச்சரித்தவர்களில் ஒருவரான லீ வென்லியாங் ஒரு கண் மருத்துவர். அறிகுறி எதுவும் இல்லாத ஒரு கண் அழுத்த நோயாளியிடமிருந்து தனக்குத் தொற்றியதாகவே அவர் நம்பினார். 2020 பிப்ரவரி 7 அன்று, 34 வயதில் இறந்துபோனார். அந்தச் செய்தி எங்கள் எல்லோரையும் உலுக்கியது.

ஆக, கூட்டத்தைக் குறைத்தது சரிதான். கண்புரை ஆபரேஷனையும் கண்ணாடிப் பரிசோதனையையும் தள்ளிப்போட்டதும் சரிதான். ஆனால் தள்ளிப்போடக் கூடிய வேலையை நிறுத்துகிறோம் என்று சொல்லிவிட்டு, தள்ளிப்போடவே கூடாத வேலையையும் அதோடு சேர்த்து நிறுத்திவிட்டோம். தவறு அங்கேதான் நடந்தது. உயிர் போகாது என்பது உண்மை. போன பார்வை திரும்பாது என்பதும் உண்மை. மூத்தவரிடம் இதைச் சொல்லுங்கள். பாட்டியின் கேஸ் ஷீட்டையும் காட்டுங்கள்.

அப்புறம், உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் பொருள்களின் பட்டியல் வேண்டாம். ஆட்களின் பட்டியல் வரட்டும். உங்கள் மருத்துவமனையில் பதிவு செய்தவர்களில் யார் யார் காத்திருந்தால் பார்வை போகும்? இது உங்களிடம் இன்று இருக்கிறதா? பெரும்பாலான இடங்களில் இருக்காது. கேஸ் ஷீட்டுகள் எண் வரிசையிலோ தேதி வரிசையிலோ அடுக்கியிருக்கும். "ஒரே கண்ணில் மட்டும் பார்வை உள்ள கண் அழுத்த நோயாளிகள் எத்தனை பேர்?" என்று கேட்டால் சொல்ல ஆளிருக்காது. ஊரடங்கு அறிவித்த பிறகு இதை எடுக்க முடியாது. சாதாரண நாளில், ஓ.பி. நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டும்.

யாரையெல்லாம் சேர்ப்பது? கண் அழுத்த நோய்க்கு மருந்து போடுகிறவர்கள் முதலில். அந்த நோயில் வலி இல்லை. மருந்து நின்றாலும் நோயாளிக்கு உடனே எதுவும் தெரியாது, தெரியும்போது நரம்பு செத்திருக்கும். உங்கள் பாட்டிக்கு நடந்தது இதுதான். அடுத்து, சர்க்கரை நோயாலோ வயதாலோ விழித்திரை பழுதாகி, கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறவர்கள். மாதா மாதம் போட வேண்டிய ஊசி மூன்று மாதம் தள்ளிப்போனால், அதுவரை போட்ட ஊசியின் பலனும் போய்விடும். கருவிழி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், சமீபத்தில் எந்த ஆபரேஷனானாலும் செய்துகொண்டவர்கள், ஒற்றைக் கண்ணோடு இருப்பவர்கள், இவர்களும் அதில் வர வேண்டும்.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவான எடையோடோ பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்து 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்திருந்தால் லேசர் செய்ய இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். அது தவறினால் ஆயுசுக்கும் இருட்டு. ஊரடங்கிலும் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள். உங்களிடம் அந்தப் பரிசோதனை வசதி இல்லாவிட்டாலும், பக்கத்து அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவோடு இப்போதே பேசி, யார் பார்ப்பது, எங்கே அனுப்புவது என்று எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பட்டியலில் பெயர் இருந்தால் போதாது, போன் எண் சரியாக இருக்க வேண்டும். நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையில் ஏப்ரல் மாதம் ஒரு வழியாகப் பழைய கண் அழுத்த நோயாளிகளைக் கூப்பிட ஆரம்பித்தோம். நிறைய எண்கள் உபயோகத்தில் இல்லை. சில எண்கள் எப்போதோ கூட வந்த பக்கத்து வீட்டுக்காரருடையவை. ஒரு பெரியவரின் எண்ணில் கோயம்புத்தூரில் வேலை செய்யும் மகன் எடுத்தார். ஊரடங்கில் அப்பாவைப் பார்க்கப் போகவே முடியவில்லை என்று அழுதார். பேர் பதியும் மேஜையில் எண்ணை எழுதினோமே தவிர, அந்த எண் யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதனால், ஒவ்வொரு வரவிலும் வரவேற்பில் இருக்கும் பெண் எண்ணைச் சரிபார்க்கட்டும். நோயாளியின் எண் ஒன்று, அதே ஊரில் இருக்கும் ஒருவரின் எண் ஒன்று. ஊர் பேரோடு தெருவும், அருகில் உள்ள மருந்துக் கடையின் பெயரும் இருந்தால் இன்னும் நல்லது. சொட்டு மருந்தை அந்தக் கடை வழியாகவே சேர்ப்பிக்கலாம்.

போனில் என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பதில் தெளிவு வேண்டும். ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25 அன்றுதான் தொலைமருத்துவத்துக்கான நெறிமுறையை மத்திய அரசு வெளியிட்டது. ஏற்கெனவே நாம் நேரில் பார்த்த நோயாளிக்கு, அதே நோய்க்கு, அதே மருந்தைத் தொடரச் சொல்லிச் சீட்டு அனுப்ப அதில் வழி இருக்கிறது. உங்கள் பாட்டிக்கு அது போதுமாக இருந்திருக்கும். கண் சிவப்பு, இமைக் கட்டி, ஆபரேஷன் முடிந்த மறுநாள் எப்படி இருக்கிறது போன்றவற்றை வாட்ஸ்அப் படத்தில் ஓரளவு பார்த்துவிடலாம். லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் போன்ற பெரிய கண் மருத்துவமனையே அவசர நோயாளிகளை வீடியோவில் பார்த்து, யார் நேரில் வர வேண்டும் என்று பிரித்தது. ஆனால் கண்ணின் அழுத்தத்தைப் போனில் அளக்க முடியாது. விழித்திரையையும் பார்க்க முடியாது.

அதனால் போன் எடுக்கிற ஊழியருக்கு ஒரே ஒரு தாள் கொடுத்து வையுங்கள். திடீரென்று பார்வை குறைந்தது என்றாலோ, மின்னல் மாதிரி வெளிச்சம் தெரிந்து பார்வையில் திரை விழுந்தாற்போல் இருக்கிறது என்றாலோ, தாங்க முடியாத கண்வலியோடு வாந்தி என்றாலோ, அடிபட்டது என்றாலோ, உடனே வரச் சொல்ல வேண்டும். கண்ணில் சுண்ணாம்போ ஆசிடோ பட்டது என்றால் முதலில் அங்கேயே தண்ணீரில் அரை மணி நேரம் கழுவச் சொல்லிவிட்டு அப்புறம் வரச் சொல்ல வேண்டும். டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அந்த ஊழியர் போனை வைக்கக் கூடாது. வாந்தியோடு வரும் கண்வலியை வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண் அழுத்தம் திடீரென ஏறினால் ஒன்றிரண்டு நாளிலேயே பார்வையைத் தின்றுவிடும்.

நீங்கள் டெல்டாவில் இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊரடங்கில் எல்லாம் நின்றாலும் விவசாயம் நிற்கவில்லை. 2020 ஜூன் 12 அன்று மேட்டூர் அணை வழக்கமான தேதியில் திறந்தது, குறுவை நடந்தது, அறுப்பும் நடந்தது. அறுப்பு நடந்தால் கண்ணில் நெல்லின் தாள் குத்தும், உமி விழும். நம் பக்கத்தில் கருவிழிப் புண்ணில் பெரும்பங்கு இப்படி வருவதுதான், அதிலும் பூஞ்சையால் வரும் புண் அதிகம். சாதாரண காலத்திலேயே விளக்கெண்ணெய் விட்டு, தாய்ப்பால் விட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் வருவார்கள். மருத்துவமனை மூடியிருந்தால் நேரே மருந்துக் கடைக்குப் போவார்கள். அங்கே கண் சிவப்புக்கு என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் சிவப்பு குறைந்த மாதிரி இருக்கும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும். கருவிழி ஓட்டையாகிற நிலையில் நம்மிடம் வருவார்கள்.

அந்த நிலையில் பெரும்பாலும் கருவிழி மாற்றுதான் வழி. ஆனால் 2020-ல் கண் வங்கிகள் வீடுகளுக்குப் போய்த் தானக் கண்கள் எடுப்பதை நிறுத்தியிருந்தன. தொற்று பயத்தில் வேறு வழியில்லை. கிளிசரினில் பதப்படுத்திய கருவிழித் திசுவை வைத்துக் கண்ணின் வடிவத்தையாவது காப்பாற்றினார்கள். பார்வை வராது, கண் உருண்டை தங்கும், அவ்வளவுதான். ஆகவே புண் புதிதாக இருக்கும்போதே பிடிப்பதுதான் முக்கியம். உங்கள் சுற்றுவட்டாரத்தில் உள்ள மருந்துக் கடைகளுக்கு நேரில் போய், "கழனியில் அடிபட்ட கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு தராதீர்கள், எங்களுக்கு ஒரு போன் போடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். தொற்றுக் காலத்துக்காக நீங்கள் செய்யக்கூடியவற்றில் செலவே இல்லாத, அதிகப் பலன் தரும் வேலை இது என்று நினைக்கிறேன். பூஞ்சைப் புண்ணுக்கான நேட்டமைசின் சொட்டு மருந்தைக் கையிருப்பில் வையுங்கள்.

மருத்துவமனைக்குள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் உங்களுக்கு அனுபவம் இருக்கிறது. அகில இந்திய கண் மருத்துவர் சங்கம் 2020-ல் மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். ஸ்லிட் லேம்பில் தடுப்புத் தகடு வேண்டும். பழைய எக்ஸ்ரே பிலிமைக் கழுவி வெட்டி மாட்டிய இடங்கள் உண்டு, அதுவே வேலை செய்தது. பரிசோதனையின்போது இருவரும் பேசாமல் இருப்பதும் முக்கியம். நோயாளியின் கதையை எல்லாம் முன்னாலேயே, தள்ளி உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். காற்றடித்து அழுத்தம் பார்க்கும் கருவியைத் தவிருங்கள், நீர்த்துளி தெறிக்கும். கண்ணீர்ப் பையைக் கழுவிப் பார்ப்பதும் அப்படித்தான். கண்ணுக்குள் ஊசி போடும்போது நோயாளியின் முகக்கவசத்தின் மேல் விளிம்பைப் பிளாஸ்திரியால் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மூச்சுக்காற்று நேராகக் கண்ணுக்குப் போகும். கிருமிநாசினிப் பெட்டியைக் குழந்தைகளின் முகம் இருக்கும் உயரத்தில் வைக்காதீர்கள். பிரான்சில் அப்படி வைத்ததில் கைக்கு விழ வேண்டிய திரவம் குழந்தைகளின் கண்ணில் தெறித்து, கருவிழி வெந்துபோன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

முகாம்தான் உங்களுக்குப் பெரிய சிக்கலாக இருக்கும். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ முந்நூறு பேரைக் கூட்டி, புரை உள்ளவர்களை பஸ்ஸில் ஏற்றி வந்து, தங்கவைத்து, சோறு போட்டு, ஆபரேஷன் செய்து திருப்பி அனுப்பும் இந்த முறைதான் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை தந்தது. தொற்றுக் காலத்தில் இந்த முறையின் ஒவ்வொரு படியும் ஆபத்தாகிவிடுகிறது. இதற்கு மாற்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில் தேனிப் பக்கத்தில் பார்வை மையங்கள் தொடங்கியபோது, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து நெடுந்தூர வைஃபை மூலம் அவற்றை மருத்துவமனையோடு இணைத்தார்கள். சின்ன ஊரில் ஒரு வாடகை இடம், ஒரு ஸ்லிட் லேம்ப், பயிற்சி பெற்ற ஒரு பெண் ஊழியர். அவர் பரிசோதித்துப் படம் எடுக்க, மருத்துவமனையில் உள்ள டாக்டர் வீடியோவில் பேசி முடிவு சொல்வார். இன்று அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பெருந்தொற்றை நினைத்து யாரும் அவற்றைக் கட்டவில்லை. ஆனால் மாவட்டம் தாண்டவே இ-பாஸ் கேட்ட காலத்தில், சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு ஸ்லிட் லேம்ப் இருந்தால் எத்தனை கண்கள் தப்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களால் பத்து மையம் திறக்க முடியாது, தெரியும். ஒன்று முடியும். மாதம் இரண்டு முகாமில் ஒன்றைக் குறைத்து, அந்தச் செலவில் உங்களிடமிருந்து தூரமாக, பஸ் வசதி குறைவாக உள்ள ஒரு ஊரில் ஒரு மையம் போடலாமா என்று அறங்காவலர்களிடம் கேளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். கட்டணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில்தான் இலவச சிகிச்சை நடக்கிறது. ஊரடங்கில் கட்டணம் கட்டுகிறவரும் வரமாட்டார். மூன்று மாதச் சம்பளத்துக்கான தொகை தனிக் கணக்கில் இருக்கட்டும், அதைக் கட்டிட வேலைக்கு எடுக்கக் கூடாது என்று தீர்மானமே போடுங்கள். விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் திரும்ப வர முடியாமல் போகலாம். ஊழியர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒருவரோடு ஒருவர் கலக்காமல் வேலை பார்த்தால், ஒரு அணிக்குத் தொற்று வந்தாலும் மற்ற அணி கதவைத் திறந்து வைக்கும்.

மூத்தவரின் "உயிர் போகிற விஷயமா" என்ற கேள்விக்கு 2021 மே மாதம் வேறு ஒரு பதிலும் கிடைத்தது. இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்தது. கட்டுக்கடங்காத சர்க்கரை, அதோடு கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு மூக்கில் தொடங்கிக் கண்குழிக்கும் மூளைக்கும் பரவியது. இமை தொங்கும், ஒரு பக்க முகம் வீங்கும், இரண்டிரண்டாகத் தெரியும், மூக்கிலிருந்து கருப்பாக வரும். அதற்கான மருந்தான ஆம்ஃபோடெரிசின் ஊசிக்கு நாடே அலைந்தது. உயிரைக் காப்பாற்றக் கண்ணையே எடுக்க வேண்டியும் வந்தது. கண் மருத்துவரும் காது மூக்குத் தொண்டை மருத்துவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். உங்கள் ஊரில் அந்த அறிகுறியோடு ஒருவர் வந்தால் எந்த மருத்துவமனையின் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது, அங்கே யாரிடம் பேசுவது என்பதும் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக, மறுபடி திறக்கும் நாள். அன்று வாசலில் பெருங்கூட்டம் நிற்கும். முதலில் வந்தவருக்கு முதல் டோக்கன் என்று ஆரம்பித்தால், வண்டி வைத்திருப்பவர் முதலில் வருவார். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, கைபிடித்துக் கூட்டிவர ஆளில்லாதவர் கடைசியில் வருவார், அல்லது வரவே மாட்டார். முற்றி வெடித்த புரையால் கண் அழுத்தம் ஏறி வலியோடு வருகிறவர்களை ஊரடங்குக்குப் பின் நாங்கள் வழக்கத்தைவிட அதிகம் பார்த்தோம். இரண்டு கண்ணும் தெரியாதவர், ஒற்றைக் கண்காரர், இவர்களுக்கே முதல் தேதிகள் என்று இப்போதே எழுதி வையுங்கள். அப்போது யாரும் சிபாரிசோடு வந்து நிற்க முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பாட்டிக்கு ஒரு கண்ணில் பார்வை போனதாக எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு கண்ணின் அழுத்தத்தைக் கடைசியாக என்றைக்குப் பார்த்தீர்கள்? அவர் இப்போது மருந்து போடுகிறாரா? கடிதத்தில் அது இல்லை. பட்டியலின் முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும். இந்த வாரமே அவருக்கு ஒரு போன் போடுங்கள்.